கல்லான மரத்துக்கு வேலி இருக்கு, உயிரோட இருக்கிற மரத்துக்கு?

2025 ஜூலை மாசம் எங்க செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்பு'ங்கிற பேர்ல யுனெஸ்கோ சேர்த்துக்கிட்ட 12 கோட்டைகள்ல 11 மகாராஷ்டிராவுல இருக்கு. பன்னிரண்டாவது நம்மளது. "அப்போ ராஜா தேசிங்கு என்ன ஆனாரு, கோனார் கட்டின கோட்டை எப்படி மராட்டியக் கோட்டை ஆச்சு"ன்னு ஒரு பஞ்சாயத்து இருக்கு. அதுக்குள்ள நான் போகலை. அனந்தபுரத்துக்காரன் எனக்கு, நம்ம பக்கத்துக் கோட்டை பாரீஸ்ல நடந்த கூட்டத்துல பேசப்பட்டுச்சுங்கிறதே போதும் :-)

ஆனா இந்த சந்தோஷத்தோட ஒரு கேள்வியும் கூடவே வருது. எங்க விழுப்புரம் மாவட்டத்துல பழைய பொருளுக்குப் பஞ்சமே இல்லை. கோட்டை இருக்கு. பனமலையில பல்லவன் ராஜசிம்மன் கட்டின கோயில் இருக்கு. வானூர் பக்கம் திருவக்கரையில கல்மரப் பூங்கா இருக்கு. சுமார் ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி வெள்ளத்துல அடிச்சிட்டு வந்து, மண்ணுக்குள்ள புதைஞ்சு, அப்படியே கல்லாப் போன மரங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காவல் காக்குது. ஒரு துண்டு எடுத்துட்டு வந்தாலும் தப்பு. சரிதான், நியாயமான ஏற்பாடுதான்.

செத்துக் கல்லாப் போன மரத்துக்கு வேலி இருக்கு. மனுஷன் அடுக்கின கல்லுக்குக் காவல் இருக்கு. ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல, இன்னும் உயிரோட, இலையோட, பழத்தோட நிக்கிற பழைய காட்டுக்கு என்ன இருக்கு? பாதிப் பேருக்கு அது பழைய காடுன்னே தெரியாது. "புதர்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

திருக்குறள்ல அரண் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்க. கோட்டைக்கு என்னென்ன வேணும்னு வள்ளுவர் பட்டியல் போடுறப்போ (742ஆவது குறள்) தண்ணி, நிலம், மலை, அதோட நிழல் தர்ற காடு, இந்த நாலையும் சேர்த்துதான் சொல்றார். நாம மலையையும் மதிலையும் மட்டும் வச்சுக்கிட்டு நாலாவதைக் கணக்குல இருந்தே எடுத்துட்டோம்.

அது என்ன காடு?

பழைய காடுன்னதும் நம்ம எல்லார் மனசுலயும் வர்றது ஒரே படம்தான். நூறு அடி உசர மரம், அட்டை, மழை, சிங்கவால் குரங்கு. அமைதிப் பள்ளத்தாக்குக்காக 1970கள்ல கேரளாவுல கவிஞர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து போராடினாங்க, 1984-ல அது தேசியப் பூங்கா ஆச்சு. ரொம்ப சரி. ஆனா அந்தப் படத்தையே மனசுல வச்சுக்கிட்டு எங்க பக்கம் வந்தீங்கன்னா ஏமாந்துதான் போவீங்க.

சோழமண்டலக் கரையோரத்துக் காடு வேற ஜாதி. புத்தகத்துல இதுக்குப் பேரு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. இந்தியக் காடுகளை வகை பிரிச்ச சாம்பியன் 1936-லயே இதைத் தனி வகையாப் பட்டியல் போட்டார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல இருந்த மெஹர்-ஹோம்ஜி இது எப்படி உருவாச்சுங்கிறதைப் பத்தி வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு எழுதினார். என்ன விசேஷம்னா, எங்க ஊர்ல பெரிய மழையெல்லாம் அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். அப்புறம் ஆறு மாசத்துக்குக் குறையாம காய்ச்சல்தான். நியாயமா இலை உதிர்க்கணும். இந்த மரங்கள் உதிர்க்கறதில்லை. சின்னச் சின்ன தடிச்ச இலையை வச்சுக்கிட்டு, சித்திரை வெயில்லயும் பச்சையா நிக்கும். உசரம் முப்பது நாப்பது அடிதான். ஆனா உள்ளே நுழைஞ்சா மத்தியானத்துலயும் இருட்டு.

வீரை, உலக்கைப்பாலை, காயா, கருங்காலி, வெண்ணாங்கு, நாவல், களா... இதுதான் அந்தக் காட்டு ஜனங்க. ஊடால மரத்துக்கு மரம் தாவுற கொடிகள். பேரைப் படிக்கிறப்போ இலங்கை நண்பர்கள் சிலர் "அட, இது எங்கட வன்னிக் காடெல்லோ"ன்னு சொல்லுவீங்க. ஆமா, அதேதான். கடலுக்கு அந்தப் பக்கமும் பாலையும் வீரையும்தான். பாலைப் பழம் தின்னுட்டு உதடு ஒட்டிக்கிட்ட கதை ரெண்டு கரையிலயும் ஒண்ணுதான்.

யார் வெட்டினா?

வீரப்பன் மாதிரி ஒரு வில்லன் இந்தக் கதையில கிடையாது. இங்கே காடு போனது விறகா. 1856-ல சென்னை மாகாணத்துல வனத்துறை ஆரம்பிச்சாங்க. முதல் வனப் பாதுகாவலர் ஹியூ கிளெக்ஹார்ன். 'பாதுகாவலர்'னு பேரு வச்ச அதே காலத்துலதான் ரயிலும் வந்துச்சு. தண்டவாளத்துக்குக் கீழே கட்டை வேணும், இஞ்சினுக்கு விறகு வேணும். 1882-ல வனச் சட்டம் வந்து காப்புக்காடுகள் பிறந்துச்சு. காப்புன்னா மரத்துக்குக் காப்புன்னு நாம நினைக்கிறோம். அன்னைக்கு அது பெரும்பாலும் சர்க்காரோட விறகுக் கையிருப்புக்குக் காப்பு. ஒரு கூப்பு வெட்டு, அடிக்கட்டை துளிர்க்கட்டும், சில வருஷம் கழிச்சு மறுபடி வெட்டு. அப்புறம் அந்த இடத்துல சவுக்கு, முந்திரி, யூகலிப்டஸ்.

பக்கமலைப் பக்கமோ வேற எந்தக் காட்டுக்கோ போனா ஒண்ணு கவனிங்க. ஒரே வேர்ல இருந்து நாலஞ்சு தண்டு கிளம்பி நின்னா, அந்த மரத்தை யாரோ ஒரு காலத்துல வெட்டியிருக்காங்கன்னு அர்த்தம். ஒத்தைத் தண்டா, கை ரெண்டையும் விரிச்சுக் கட்டிப்பிடிக்கிற அளவுக்கு ஒரு வீரையோ பாலையோ நின்னா, அது கோடாலிக்குத் தப்பிச்சது. அப்படித் தப்பிச்சது காட்டை விட அதிகமா எங்கே இருக்குன்னு நினைக்கிறீங்க? கோயில்ல! அய்யனார் கோயில் காட்டுல. மரக்காணம் போற வழியில புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். சாமி காட்டுல சுள்ளி பொறுக்கினாலும் கண்ணு போயிடும்னு நம்ம பாட்டிகள் சொல்லி வச்ச பயம், 1882ஆம் வருஷத்துச் சட்டத்தை விட நல்லா வேலை செஞ்சிருக்கு. (பகுத்தறிவு நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க. நான் முடிவை மட்டும்தான் சொல்றேன்.)

"ஒண்ணுக்குப் பத்து நட்டுடலாமே?"

இதுதான் எனக்கு எரிச்சல் வர்ற இடம். எங்கே மரம் வெட்டினாலும் உடனே ஒரு சமாதானம் வருது: ஒரு மரத்துக்குப் பதிலா பத்து மரம் நடுறோம். 2016-ல இதுக்குன்னே ஈடுசெய் காடு வளர்ப்புக்கு நிதிச் சட்டமும் வந்தாச்சு. மரம் நடுறது நல்ல காரியம். ரோட்டோரத்துல, பள்ளிக்கூடத்துல, ஏரிக்கரையில நடுங்க, நானும் வர்றேன். ஆனா நட்டது காடு ஆகாது. ஏன்?

கருங்காலியும் வீரையும் சவுக்கு மாதிரி அஞ்சு வருஷத்துல விலை போற மரங்கள் இல்லை. ஒரு ஆள் ஆயுசு முழுக்க நின்னு பார்த்தாலும் பெருத்த மாதிரி தெரியாது. அது முதல் காரணம். ரெண்டாவது, இந்த மரங்கள் தானா பரவுறதில்லை. கொண்டைக்குருவியும் குயிலும் வௌவாலும் மரநாயும் பழத்தைத் தின்னு வேற இடத்துல விதையைப் போட்டாத்தான் உண்டு. அதுங்களுக்கு வருஷம் பூரா ஏதாவது ஒரு மரம் பழுத்துக்கிட்டே இருக்கணும், பொந்து வேணும், நிழல் வேணும். அது எல்லாம் ஏற்கனவே காடு இருக்கிற இடத்துலதான் இருக்கும். மூணாவது, அந்த மண்ணு. நூறு நூறு வருஷமா விழுந்து மக்கின இலை, பூஞ்சை, புழு. இதை எந்த நர்சரியிலயும் பாலிதீன் பையில போட்டு விக்கறதில்லை.

"அப்போ ஆரோவில்?"னு கேப்பீங்க. நல்ல கேள்வி. 1968-ல ஆரம்பிச்சப்போ அது செம்மண் அரிச்சுப் போன பொட்டல். இன்னைக்கு அங்கே காடு இருக்கு. உண்மையிலேயே சாதனை. ஆனா எப்படி வந்துச்சு? முதல்ல வெளிநாட்டுச் சாதி மரங்களை வச்சு நிழல் உண்டாக்கினாங்க, அப்புறம் இந்த மண்ணோட மரங்களைக் கொண்டு வந்தாங்க. அந்த விதை எங்கே கிடைச்சுச்சு? சுத்துப்பட்டு கோயில் காடுகள்லயும் மிச்சமிருந்த காட்டுத் துண்டுகள்லயும்தான். அம்பது வருஷத்துக்கு மேல உழைச்சும், விதைக்குப் பழைய காட்டுக்குத்தான் போக வேண்டியிருந்துச்சு. வங்கியில இருக்கிற அசலைத் தின்னுட்டு வட்டியில வாழ முடியுமா? பழைய காடு அசல். நட்டது எல்லாம் வட்டி.

சர்க்கார் கணக்குல இந்த வித்தியாசமே கிடையாதுங்கிறதுதான் கொடுமை. இந்திய வன ஆய்வு நிறுவனம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை காட்டுப் பரப்பு அறிக்கை விடுது இல்லையா, அதுல ஒரு ஹெக்டேருக்கு மேல இருந்து, மேலேருந்து பார்த்தா 10 சதவீதத்துக்கு மேல மர நிழல் இருந்தா அது காட்டுப் பரப்பு. யார் நிலம், என்ன மரம்னு கேள்வி இல்லை. முந்திரித் தோப்பும் கணக்கு, சவுக்குத் தோப்பும் கணக்கு, தென்னந்தோப்பும் கணக்கு. முந்நூறு வருஷ வீரைக் காட்டை அழிச்சு அதே அளவு சவுக்கு போட்டா, அறிக்கையில ஒரு புள்ளிகூட குறையாது. செயற்கைக்கோளுக்கு ரெண்டும் பச்சைதான்.

சட்டம் என்ன சொல்லுது?

1996 டிசம்பர் 12-ல கோதவர்மன் திருமுல்பாடு வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய வேலை பண்ணுச்சு. யார் பேர்ல பட்டா இருந்தாலும் சரி, அகராதிப்படி எது காடோ அது காடுதான், 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் அதுக்கும் பொருந்தும்னு சொல்லிடுச்சு. நீலகிரியில நடந்த மரவெட்டுக்காக கூடலூர் பக்கத்து நிலம்பூர் கோவிலகத்துக்காரர் ஒருத்தர் போட்ட வழக்கு, நாடு பூரா காட்டுக்குக் காவலா நின்னுச்சு.

2023-ல அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. சுருக்கமாச் சொன்னா, அரசுப் பதிவேட்டுல காடுன்னு இருந்தாத்தான் காடு. 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம், பட்டியல் தயாராகுற வரைக்கும் பழைய அகராதி அர்த்தத்தையே பின்பத்தணும்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. அதே வருஷம் டிசம்பர் 18-ல ராஜஸ்தானோட கோயில் காடுகள் பத்தின வழக்குல, ஒவ்வொரு காட்டையும் தரையில அளந்து, படம் எடுத்து, சின்னது பெருசுன்னு பார்க்காம காடா அறிவிக்கணும்னு சொல்லுச்சு. நாடு முழுக்க இதுக்கு ஒரு கொள்கை வேணும்னு மத்திய அரசுக்கும் பரிந்துரை பண்ணுச்சு.

இதுல நம்ம அய்யனார் எங்கே வர்றார்னு பாருங்க. கோயில் காடுகள்ல பல, வருவாய்ப் பதிவேட்டுல கோயில் புறம்போக்கு, தோப்புப் புறம்போக்கு, இல்லேன்னா வெறும் புறம்போக்கு. காடுன்னு எழுதியிருக்காது. எழுதாத காட்டைக் காப்பாத்த எந்த ஆபீசரும் வரமாட்டார். இதுதான் இன்னைய நிலைமை. பாட்டி சொன்ன பயமும் போச்சு, பதிவேட்டுலயும் பேர் இல்லை.

பயம் போனதுக்கு ஒரு உதாரணம். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஊர்ல (பேர் வேண்டாம், சொந்தக்காரங்க இருக்காங்க) அய்யனார் வெட்டவெளியில, மரத்தடியில, மண் குதிரைங்களோட உக்காந்திருந்தார். வெளிநாட்டுல நல்லா சம்பாதிச்ச பிள்ளைங்க சேர்ந்து திருப்பணி பண்ணாங்க. அய்யனாருக்கு சிமெண்ட் மண்டபம், தரைக்கு டைல்ஸ், கார் நிறுத்த இடம். காட்டுல பாதி போயிடுச்சு. யாரும் கெட்டவங்க இல்லை. பக்தியாத்தான் செஞ்சாங்க. கும்பாபிஷேகம் அன்னைக்கு வெயில் தாங்காம பந்தல் போட்டிருந்தாங்க. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை. நிழலை வெட்டிட்டு நிழலுக்கு வாடகை!

விறகு பொறுக்குற ஆயாவை விடுங்க

இந்த மாதிரி பேசினாலே ஒரு பதில் வரும். "நீ ஏசியில உக்காந்து எழுதுவ, ஏழைங்க அடுப்புக்கு எங்கே போவாங்க?" நான் அவங்களுக்கு எதிரா எழுதலை. தலைச்சுமை விறகு பொறுக்குற ஆயாவாலயோ, பச்சிலை பறிக்கிற இருளர் வீட்டு ஆளுங்களாலயோ இந்தக் காடு அழியலை. சொல்லப்போனா எந்த மரம் எங்கே இருக்கு, எது எப்போ பழுக்கும்னு இன்னைக்கும் தெரிஞ்சவங்க அவங்கதான். 2006 வன உரிமைச் சட்டம் அவங்களுக்குக் குடுத்த உரிமையை முதல்ல ஒழுங்காக் குடுக்கணும். காட்டை மொத்தமா அழிக்கிறது ஜேசிபி. அது சுள்ளி பொறுக்க வர்றதில்லை.

இன்னொண்ணு தண்ணி. செஞ்சி ஆறுன்னும் வராக நதின்னும் சங்கராபரணின்னும் சொல்றோமே, அந்த ஆறு பொறக்கிறது இந்த மலைகள்லதான். வீடூர் அணைக்கும் புதுச்சேரி பக்கத்து வயலுக்கும் தண்ணி இங்கேருந்துதான் போகுது. 2024 ஃபெஞ்சல் புயல்ல மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை கொட்டுச்சு. காடு இருந்திருந்தா வெள்ளமே வந்திருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன், அது புளுகு. ஆனா வருஷா வருஷம் வர்ற சாதாரண மழையை மலையில நிறுத்தி, மண்ணுக்குள்ள இறக்கி, தை மாசி வரைக்கும் கிணத்துக்குக் குடுக்கிறது அந்த இருட்டுக் காட்டுத் தரைதான். மொட்டைப் பாறையால அது முடியாது.

வெளியே என்ன நடக்குது?

இலங்கையில சிங்கராஜ வனத்தை 1970கள்ல ப்ளைவுட் தொழிற்சாலைக்காக இயந்திரம் வச்சு வெட்ட ஆரம்பிச்சாங்க. எதிர்ப்பு கிளம்பி 1977-ல நிறுத்தினாங்க. 1988-ல அதே காடு உலகப் பாரம்பரியச் சின்னம். எங்க கோட்டைக்கு 2025-ல கிடைச்ச அதே பட்டம்தான். அங்கே காட்டுக்கே குடுத்தாங்க. கனடாவுல வான்கூவர் தீவு ஃபேரி கிரீக்ல 2021-ல பழைய மரங்களை வெட்ட விடாம மறிச்சு ஆயிரத்துக்கு மேல கைதானாங்க. (கனடா வாழ் நண்பர்கள் இதைப் பத்தி விவரமா எழுதலாமே?)

நம்ம மாநிலத்துலயும் நல்ல ஆரம்பம் இருக்கு. 2022-ல மதுரை அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆச்சு. அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தப்போ ஊரே எழுந்து நின்னு 2025 ஜனவரியில ரத்து பண்ண வச்சாங்க. 2025-லயே திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில வீரகோயில் காட்டுக்கும் அதே பட்டம் குடுத்தாங்க. அந்தக் காட்டோட அளவு முழுசா 5 ஹெக்டேர்கூட இல்லை! அஞ்சு ஹெக்டேருக்குக் குடுக்கலாம்னா எங்க பக்கத்து அய்யனார் காடுகளுக்கு ஏன் குடுக்கக் கூடாது?

வழி ஏற்கனவே இருக்கு. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலயும் பேரூராட்சியிலயும் ஒரு மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்கணும். உங்க ஊர் பதிவேட்டுல உங்க கோயில் காடு இருக்கான்னு போய்க் கேளுங்க. இல்லேன்னா எழுதச் சொல்லி மனு குடுங்க. திருப்பணிக் குழுவுல உங்க மாமா சித்தப்பா இருப்பாங்க, மண்டபத்தைக் காட்டுக்கு வெளியே கட்டுங்கன்னு சொல்லுங்க. நன்கொடை குடுக்கிற வெளியூர்ப் பிள்ளைங்க நீங்களா இருந்தா இன்னும் சுலபம். "மரம் நின்னாத்தான் பணம்"னு ஒரு வரி போதும்.

பதிவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். உங்க ஊர் கோயில் காட்டைப் பத்தி ஒரு பதிவு போடுங்க. எங்கே இருக்கு, எவ்வளவு இடம், என்னென்ன மரம், ஊர்ல அதுக்கு என்ன பேர் சொல்றாங்க. தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதுங்க. அவங்களுக்கு அப்புறம் அந்தப் பேர்களைச் சொல்ல ஆள் இல்லை. பேர் தெரியாத மரத்தைத்தான் 'புதர்'னு சொல்லி வெட்டிடறாங்க.

டிஸ்கி: "மரம் நடுறதுக்கு எதிரா எழுதியிருக்கான்"னு பின்னூட்டம் போட வர்றவங்க, தயவுசெஞ்சு நடுவுல இருக்கிறதை இன்னொரு தடவை படிச்சிட்டு வாங்க. நடுங்க. ஆனா வெட்டுறதுக்கு நடுறதைச் சாக்கு ஆக்காதீங்க :-)